பாலிஷா, லெதரா? சமையல் மேடைக் கல் பற்றி வாசகர் கேள்விகள்

ஐயா, வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் என்று முடிவாகிவிட்டது. பாலிஷ் எல்லாம் பழைய ஸ்டைல், லெதர் பினிஷ் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். வழவழவென்று இருந்தால்தான் துடைக்க வரும் என்கிறார் என் மாமியார். எதைக் கேட்பது?
- வாசகி, தஞ்சாவூர்

மாமியார் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. கடைக்காரர் சொல்வதும் தப்பில்லை, லெதர் பார்க்க அழகுதான், ஆனால் அவர் கடையில் அந்த ஸ்லாப் காய்ந்த நிலையில் சுவரில் சாய்ந்து நிற்கிறது, உங்கள் வீட்டில் அதன்மேல் தினமும் இட்லி மாவு சிந்தப்போகிறது.

அறுத்த ஸ்லாப் சொரசொரப்பாகத்தான் இருக்கும். அதைக் கரடான உராய்வுக் கல்லில் தொடங்கி, படிப்படியாக நைஸான கல்லுக்கு மாற்றித் தேய்த்துக்கொண்டே போனால் கடைசியில் முகம் தெரியும், அதுதான் பாலிஷ். அதே தேய்ப்பைப் பாதியில் நிறுத்தினால் சமதளமாக இருக்கும், பளபளப்பு இருக்காது, அது ஹோன்ட் அல்லது மேட். லெதருக்கு மட்டும் வேறு வேலை: வைரத்தூள் சேர்த்த பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். கல்லுக்குள் இருக்கும் மென்மையான தாதுக்கள் கூடுதலாகத் தேய்ந்து பள்ளமாகும், கடினமானவை மேடாக நிற்கும். கையால் தடவினால் தெரிகிற அந்த மேடுபள்ளம்தான் லெதரின் அழகு. நம் சமையலுக்கு அதுதான் சிக்கலும்கூட.

மாவு சிந்தி அரை மணி நேரம் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷில் ஈரத்துணியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். லெதரில் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மேடைமேல் நேராகச் சப்பாத்தி தேய்க்கிற பழக்கம் இருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கால் உள்ள மிக்சியாக இருந்தால் அது பாலிஷ் கல்லில் ஒட்டி நிற்கும், லெதரில் காற்று உள்ளே போய்விடுவதால் பிடிக்காது, ஓட ஓட நகரும். சிங்க்கை மேலிருந்து வைத்துப் பொருத்தினால் அதன் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளி வரும், சிலிக்கான் கொஞ்சம் தாராளமாகப் போடாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே இருக்கும் அலமாரிப் பலகை ஊறிவிடும். சிங்க்கை அடியில் பொருத்துவதாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

லெதருக்கு நல்ல பக்கமும் உண்டு. கைரேகை, தண்ணீர்த் துளி காய்ந்த வட்டம், இதெல்லாம் கறுப்பு பாலிஷில் பளிச்சென்று தெரியும், லெதரில் கண்ணுக்கு அடங்கிவிடும். மேல் அலமாரிக்குக் கீழே எல்இடி பட்டை போடப்போகிறீர்கள் என்றால், கறுப்பு பாலிஷில் ஒவ்வொரு விளக்குப் புள்ளியும் அப்படியே தெரிந்து கண்ணைக் கூசவைக்கும், லெதரில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் ஒன்றை யோசியுங்கள். லெதரில் உப்புப் படிவது தெரியாமல் இருக்கிறதே தவிர, படியாமல் இல்லை. தெரியும் அளவுக்குச் சேர்ந்த பிறகு எடுப்பது பெரிய வேலை.

அதனால் அடுப்பு, சிங்க், கிரைண்டர் இருக்கும் மேடைக்குப் பாலிஷ் போடுங்கள். சாப்பாட்டு அறைப் பக்கம் பரிமாறும் மேடை தனியாக இருந்தால் அங்கே லெதர் போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரே கல்லாக இருந்தாலும் இரண்டு பினிஷிலும் நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும், அதைக் கடையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கறுப்பில் ஹோன்ட் மட்டும் வேண்டாம். கறுப்பு சாம்பலாக வெளிறிவிடும், எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் அடர்த்தியான திட்டாகத் தெரியும், காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி அதே கதை.

இன்னொன்று, மறக்காமல் செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் எடுக்கப்போகும் கல்லிலேயே, அதே பினிஷில், உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். நல்லெண்ணெய், மஞ்சள் குழைத்த எண்ணெய், புளிக்கரைசல், டீ, எல்லாவற்றையும் ஆளுக்கொரு மூலையில் விட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் வீட்டுச் சோப்பால் கழுவிப் பாருங்கள். யார் சொல்வதையும்விட அந்தத் துண்டு சரியாகச் சொல்லும்.

கறுப்பு கிரானைட்டில் சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா அண்ணா?
- வாசகர், நாகர்கோவில்

உண்டு தம்பி. சாம்பல் நிறத்தில் இருக்கும் கல்லைக் கறுப்பாக்கச் சாயமோ எண்ணெயோ மெழுகோ ஏற்றுவது நடக்கிறதுதான். வெள்ளைப் பருத்தித் துணியில் அசிட்டோனை நனைத்து, நகப்பூச்சு அழிக்க விற்கிறார்களே அதில் அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து எடுத்தாலும் சரி, ஒரே இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு வந்தால் அந்தக் கல் வேண்டாம். மேல்முகத்தில் மட்டும் தேய்த்துவிட்டு விடாதீர்கள், பக்கவாட்டிலும் தேயுங்கள், புதிதாக வெட்டிய விளிம்பின் நிறத்தையும் மேல்முகத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிஷைவிட ஹோன்ட், லெதர் பினிஷ்களில் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், ஏனென்றால் பளபளப்பு போனால் கல் இயல்பாகவே வெளிறித் தெரியும், அதை மறைக்கத்தான் எதையாவது தடவத் தோன்றும். நிறத்தை ஆழமாகக் காட்டும் பூச்சு என்று சொல்லியே பூசித் தருபவர்களும் இருக்கிறார்கள், அது மோசடி இல்லை, ஆனால் மறுபடி மறுபடி பூச வேண்டிவரும் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

வெள்ளை மார்பிள் மேடை, நல்ல பாலிஷ், விலை உயர்ந்த சீலரும் அடித்தோம். ஆனாலும் எலுமிச்சை வைத்த இடம், தயிர் சிந்திய இடமெல்லாம் மங்கலாக வட்டம் வட்டமாகிவிட்டது. சீலர் போலியா?
- வாசகி, கோயம்புத்தூர்

சீலர் நல்லதாகவே இருக்கலாம் அம்மா. அதன் வேலை எண்ணெயும் கறையும் கல்லுக்குள் இறங்காமல் தடுப்பது மட்டும்தான். உங்கள் மேடையில் இருப்பது கறை இல்லை, அரிப்பு. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, தயிர், தக்காளி, வினிகர் என்று எந்தப் புளிப்பு பட்டாலும் அந்த அமிலம் மேல்முகத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும், பாலிஷ் அங்கே போய்விடும். எந்தச் சீலரும் இதை முழுதாக நிறுத்தாது. மஞ்சள் கறையாக இருந்தால் நல்ல வெயில் படும் இடத்தில் நாளாவட்டத்தில் மங்கும், இந்த வட்டங்கள் அப்படிப் போகாது.

இங்கேதான் பினிஷை மாற்றுவது உண்மையிலேயே உதவும். மார்பிள் பாலிஷ் போடும் ஆட்களை வரவழைத்து மேடை முழுவதையும் ஹோன்ட் ஆக்கிவிடுங்கள், வீட்டிலேயே செய்யலாம், கல்லைப் பிரிக்க வேண்டியதில்லை. அரிப்பு நிற்காது, ஆனால் மங்கலான பரப்பில் மங்கலான வட்டம் அவ்வளவாகத் தெரியாது. பிறகு எப்போதாவது அதிகமாகத் தெரிந்தால் மறுபடி லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். தேய்த்து முடித்த பிறகு சீலரைப் புதிதாக அடிக்க மறக்காதீர்கள், பழைய சீலர் தேய்ப்பில் போயிருக்கும். தினசரி புளிக்குழம்பு வைக்கிற வீட்டுக்கு முதலிலேயே என்னைக் கேட்டிருந்தால் அடுப்புப் பக்கம் மார்பிள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பழைய வீட்டில் கடப்பா கல் மேடை. வெளுத்துக் கிடக்கிறது. பாலிஷ் போட்டால் கிரானைட் மாதிரி ஆகுமா?
- வாசகர், காரைக்குடி

கொஞ்ச நாளைக்கு ஆகும் ஐயா. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, மார்பிளைப் போலவே புளிப்புக்கு அரிக்கும். பளபளப்பு ஏற்றினால் அடுத்த ரசத்துக்கே திட்டு விழும். தேய்த்துச் சமப்படுத்தி, பளபளப்பில்லாத மேட் பினிஷாகவே விட்டு, நிறத்தை ஆழமாக்கும் சீலர் அடியுங்கள், நன்றாக இருக்கும். சிங்க் பக்கத்து உப்புக்கறைக்கு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ ஊற்றவே கூடாது, உப்போடு கல்லும் சேர்ந்து போகும்.

ஃபிளாட்டில் ஏற்கெனவே பாலிஷ் கிரானைட் மேடை இருக்கிறது. பிரிக்காமலே அதை லெதர் ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
- வாசகி, சென்னை

முடியும். ஆனால் தொழிற்சாலையில் இயந்திரம் ஸ்லாப் முழுவதும் ஒரே அழுத்தத்தில் தேய்க்கிறது, வீட்டில் ஒரு ஆள் கை மெஷினைப் பிடித்துக்கொண்டு தேய்க்கிறார். சுவரோர மூலை, சிங்க் விளிம்பு, டைல்ஸைத் தொடும் இடம், இங்கெல்லாம் பிரஷ் சரியாகப் போகாது, ஓரம் பளபளப்பாகவும் நடு மங்கலாகவும் நிற்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் உலர்வாகத் தேய்க்கிறேன் என்றால் உடனே நிறுத்துங்கள். கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, தேய்ப்பவர் நுரையீரலுக்கும் கெடுதல், உங்கள் வீட்டுக்கும் கெடுதல். வெறும் பளபளப்பு சலித்துப்போனதுதான் காரணம் என்றால் விட்டுவிடுங்கள். மேடையை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அப்போது லெதர் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபிளேம் பினிஷ் வைத்தால் வழுக்காது என்கிறார்கள், சமையல் மேடைக்குச் சரிவருமா?
- வாசகர், ஓசூர்

வராது. நெருப்புச் சுடரால் மேல்முகத்தைப் பொரியவைத்து எடுப்பது அது. படிக்கட்டுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் அருமை, மேடையில் துணியே ஓடாது.

காஷ்மீர் வொயிட் கிரானைட், பாலிஷ். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சீலர் அடிக்க வேண்டும்?
- வாசகி, மதுரை

உங்கள் ஊர்ப் பக்கமே வெட்டுகிற கல். அழகான கல், ஆனால் கறுப்பு வகைகளைவிடக் கூடுதலாக உறிஞ்சும். அதிலிருக்கும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற தாது, அதில் இரும்பு உண்டு, ஆசிட் கலந்த கிளீனர் பட்டால் மஞ்சளாகத் திட்டு விழ வாய்ப்பிருக்கிறது, அதனால் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்துத் துடைத்தால் போதும்.

மாதக் கணக்கு பார்க்க வேண்டாம் அம்மா. சிங்க் பக்கத்தில், அடுப்புப் பக்கத்தில், நடுவில் என்று மூன்று இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். துடைத்த பிறகு அந்த இடம் அடர்த்தியாகத் தெரிந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, சீலர் அடிக்கும் நேரம் வந்துவிட்டது. நடுவில் குடிக்காமல் சிங்க் பக்கம் மட்டும் குடித்தால் அங்கே மட்டும் அடித்தால் போதும். அடிப்பதற்கு முன் மேடையை நன்றாகக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், ஈரத்தின்மேல் அடித்தால் உள்ளே இறங்காது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஆனதும், கல் உறிஞ்சாமல் மேலே நிற்பதை மிச்சமில்லாமல் துடைத்து எடுங்கள், விட்டுவிட்டால் பாலிஷ்மேல் பால் படலம் மாதிரி காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்க அதே சீலரைக் கொஞ்சம் மறுபடி தடவி, இளகியதும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.