தொங்கி நிற்கும் என்எஃப்எஸ் மவுன்ட்டை ரீபூட் செய்யாமல் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: உபுண்டு மெஷினில் ஆபீஸ் நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக மவுன்ட் செய்திருக்கிறீர்கள், அதாவது உள்ளூர் ஃபோல்டர் போல இணைத்திருக்கிறீர்கள். கரண்ட் போய் வந்ததிலிருந்து அந்த ஃபோல்டரில் எல்எஸ் கொடுத்தால் டெர்மினல் உறைந்துவிடுகிறது. கன்ட்ரோல்-சி எடுபடவில்லை. இணைப்பைக் கழற்ற யுமவுன்ட் கொடுத்தால் 'பிஸி' என்கிறது. ரீபூட் செய்யாமல் வழி உண்டா?

உண்டு. ஆனால் இதைத் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் 'யுமவுன்ட் -எல் போடுங்க, முடிஞ்சது' என்பதுதான். அதைக் கடைசிக்கு வையுங்கள். உங்கள் மெஷின் கெட்டுப்போகவில்லை. என்எஃப்எஸ் மவுன்ட் இயல்பாகவே 'ஹார்டு' வகை. சர்வர் (இங்கே உங்கள் நாஸ் பெட்டி) பதில் சொல்லாவிட்டால் பிழை என்று கைவிரிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். பாதி எழுதிய ஃபைல் பாழாகக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. சர்வர் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால், உறைந்த எல்எஸ் தானாக முடிந்து வெளியே வரும். எனவே முதல் வேலை, அது ஏன் திரும்பி வரவில்லை என்று பார்ப்பது.

புதிய டெர்மினல் ஒன்றைத் திறந்து, முதலில் சிடி / கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். பாதையை முழுதாகக் கையால் டைப் செய்யுங்கள். டேப் பட்டனைத் தட்டினால் ஷெல் அந்த ஃபோல்டரைத் தொடப் போய் அதுவும் மாட்டிக்கொள்ளும். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் வேண்டாம், டிஎஃப் -எல் என்றால் பரவாயில்லை, உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் பார்க்கும். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்துதான். யுமவுன்ட்டில் யு-வுக்கு அடுத்து என் கிடையாது.)

கேட் /ப்ராக்/மவுன்ட்ஸ் | கிரெப் என்எஃப்எஸ்

இது தொங்காது, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தன் நினைவில் இருப்பதை அப்படியே காட்டும். அந்த வரியில் ஹார்டு, டைமியோ=600, ரீட்ரான்ஸ்=2 என்றெல்லாம் இருக்கும். 600 என்பது வினாடி இல்லை, வினாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதாவது 60 வினாடி. வரியின் கடைசியில் ஏடிடிஆர்= என்று ஒரு ஐபி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம்,

கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் நாஸ்

கொடுத்து, நாஸின் பெயருக்கு இப்போது எந்த ஐபி வருகிறது என்று ஒப்பிடுங்கள். மவுன்ட் ஆகும் நேரத்தில் பெயர் ஐபியாக மாறிவிடும். அதற்குப் பிறகு கெர்னல் அந்த ஐபியைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தபோது ரவுட்டர் நாஸுக்கு 192.168.1.20-க்குப் பதிலாக 192.168.1.35 கொடுத்திருந்தால், உங்கள் மெஷின் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. 'கரண்ட் போய் வந்ததிலிருந்து' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான். அப்படியானால் ரவுட்டரில் அந்தப் பெட்டிக்குப் பழைய ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி, நாஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி-யில் 'பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற பொருளில் வந்துகொண்டிருந்த செய்திக்குக் கீழே 'ஓகே' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், யுமவுன்ட்டே தேவையில்லை.

ஐபி சரியாக இருந்தால் என்சி -இசட்வி நாஸ் 2049 என்று போர்ட்டைச் சோதியுங்கள். பிங் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்டி எழுந்திருக்கும், என்எஃப்எஸ் சர்வீஸ் எழுந்திருக்காது, பிங் மட்டும் ஜோராக வரும்.

சர்வர் இப்போதைக்கு வராது என்று உறுதியானால்தான் அடுத்த கட்டம். எந்தெந்த ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்கள்) மாட்டியிருக்கின்றன என்று பார்க்க எல்எஸ்ஓஎஃப், ஃப்யூசர் இரண்டையும் சாதாரணமாக ஓட்டாதீர்கள், அவையும் அந்த ஃபோல்டரைத் தொட்டுத் தொங்கும். இது போதும்:

பிஎஸ் -இஓ பிஐடி,ஸ்டாட்,டபிள்யூசான்,காம்

ஸ்டாட் பத்தியில் 'டி' என்று நிற்பவைதான் மாட்டிக்கொண்டவை. பக்கத்தில் ஆர்பிசி அல்லது என்எஃப்எஸ் என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சிபியு சும்மா கிடக்க, லோடு ஆவரேஜ் (மெஷினின் வேலைப்பளுக் கணக்கு) மட்டும் எகிறுவதற்கும் இந்த 'டி'-கள்தான் காரணம். லினக்ஸ் இவற்றையும் லோடில் சேர்த்து எண்ணும்.

கன்ட்ரோல்-சி எடுபடவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். 2008-இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து, என்எஃப்எஸ்-க்காகக் காத்திருக்கும் ப்ராசஸ் 'சிக்-கில்' (ப்ராசஸை வலுக்கட்டாயமாக முடிக்கும் சிக்னல்) ஒன்றுக்கு மட்டும்தான் பணியும். கன்ட்ரோல்-சி எடுபடுவதற்காக இருந்த பழைய 'இன்ட்ர்' ஆப்ஷனை மவுன்ட்டில் சேர்க்கச் சொல்லும் பதில்கள் இன்னும் உலவுகின்றன, இப்போதைய கெர்னல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனவே அந்த சிக்னலை அனுப்பும் கில் -9 போட்டு, 'டி'-யில் நிற்கும் பிஐடி-களை (ப்ராசஸ் எண்கள்) முடியுங்கள். ஃபோல்டருக்குள் சிடி செய்துவிட்டு சும்மா நிற்கும் ஷெல்கள் 'டி'-யில் வராது. அவற்றையும் மூடுங்கள், 'பிஸி' என்பதற்குப் பாதி நேரம் அவைதான் காரணம். பிறகு:

சூடோ யுமவுன்ட் -எஃப் /எம்என்டி/நாஸ்

சிம்லிங்க் (வேறு பாதையைச் சுட்டும் குறுக்குவழி) வழியாக வேண்டாம், நிஜப் பாதையைக் கொடுங்கள். முதல் தடவை 'பிஸி' என்றே சொன்னாலும் வீண் இல்லை. காத்திருந்த கோரிக்கைகளை அது பிழை கொடுத்து வெட்டிவிட்டிருக்கும், அதனால் மாட்டிக்கொண்ட ப்ராசஸ்கள் விடுபடும். மறுபடி பிஎஸ் பார்த்து, மிச்சத்தைக் கில் செய்து, இன்னொரு தடவை கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே கழன்றுவிடும். ஒன்று: எழுதப்பட்டுக்கொண்டிருந்த தரவு எதுவும் சர்வருக்குப் போகாமல் இருந்தால் அது போனதுதான்.

அப்போதும் அசையவில்லை என்றால் யுமவுன்ட் -எல். பாதை உடனே காலியாகும், பார்க்கச் சரியானது போலவே இருக்கும். ஆனால் ஃபைலைத் திறந்து வைத்திருந்த ப்ராசஸ்கள் பழைய மவுன்ட்டைப் பிடித்தபடியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. அவற்றைத் தீர்க்காமல் அதே ஷேரை மறுபடி மவுன்ட் செய்தால் பழைய தொடர்பே திரும்ப ஒட்டிக்கொண்டு அதுவும் தொங்கலாம். இதனால்தான் கடைசிக்கு வையுங்கள் என்றேன்.

தொங்காமல், உடனே 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று திட்டினால் அது வேறு நோய். சர்வர் இருக்கிறது, ஆனால் நீங்கள் பிடித்திருந்த ஃபோல்டர் அங்கே அழிக்கப்பட்டது அல்லது எக்ஸ்போர்ட் (சர்வர் பகிரும் ஃபோல்டர்களின் அமைப்பு) மாறியது. வெறும் யுமவுன்ட், மவுன்ட் போதும்.

இனி வராமலிருக்க, ஹார்டுக்குப் பதிலாக, சில முயற்சிக்குப் பின் பிழை சொல்லிக் கைவிடும் 'சாஃப்ட்' ஆப்ஷன் போடலாமா என்றால், படிக்க மட்டும் வைத்திருக்கும் ஷேருக்குப் போடுங்கள். எழுதும் ஷேருக்கு நான் போடவே மாட்டேன். டைம்அவுட் ஆனதைக் கவனிக்காத ப்ரோக்ராம் அரைகுறை ஃபைலை முழு ஃபைல் என்று நம்பிவிடும். அதற்குப் பதில் எஃப்எஸ்டாபில் (மவுன்ட்களைப் பட்டியலிடும் ஃபைல்) நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட் இரண்டையும் சேர்த்தால், பூட் ஆகும்போது நாஸ் இல்லாவிட்டாலும் மெஷின் எழுந்துவிடும், முதல் தடவை தொடும்போதுதான் மவுன்ட் ஆகும். க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) அந்த ஃபோல்டரைத் தொடும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதன் முதல் வரியாக டைம்அவுட் -எஸ் கில் 5 ஸ்டாட் /எம்என்டி/நாஸ் வைத்து, அது தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே வெளியேறும்படி செய்யுங்கள். -எஸ் கில் கட்டாயம், சாதாரண டைம்அவுட் அனுப்பும் சிக்னலுக்கு என்எஃப்எஸ் அசையாது.