புது வீட்டிலேயே எஃகுப் புயலறை: பில்டர்கள் எதைக் காட்டி விற்கிறார்கள்?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் புது வீடுகளோடு எஃகுப் புயலறையையும் சேர்த்து விற்கிறார்களே, அந்தப் பெட்டி சூறாவளியை (டொர்னாடோ) தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒழுங்காகச் செய்திருந்தால் தாங்கும். அங்கே பல வீடுகளில் நிலத்தடி அறை கிடையாது. அதனால் அலமாரி அறை அளவுக்கு எஃகுப் பெட்டி ஒன்றைத் தரைக் கான்கிரீட்டில் நங்கூர போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். மணிக்கு சுமார் 400 கிமீ காற்றுக்குக் கணக்கிட்டு வடிவமைப்பார்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் பொருள்தான். அதனால் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மரக்கட்டையை மணிக்கு 160 கிமீ வேகத்தில் சுவர்மீதும் கதவின்மீதும் எய்து சோதிக்கிறார்கள். பலவீனமான இடம் கதவு. தாழ்ப்பாளைத்தான் முதலில் பாருங்கள்.

புது வீடு என்றால், தளம் போடும்போதே அந்த இடத்தைக் கனமாகப் போட்டுவிடலாம், செலவும் வீட்டுக் கடனிலேயே சேர்ந்துவிடும். 2013இல் சூறாவளியில் அங்குள்ள மூர் நகரம் சிதைந்ததைப் பார்த்தவர்களிடம் அதிகம் பேசி விற்க வேண்டியதில்லை. ஆனால் ‘ஃபீமா அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஃபீமா என்பது அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு; அது வழிகாட்டி விதிகளைத்தான் வெளியிடுகிறது, எந்தத் தயாரிப்புக்கும் முத்திரை குத்துவதில்லை. புயலறைகளுக்கான ஐசிசி 500 என்ற தரத்தின்படி சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அப்புறம், அறை இருக்கும் இடத்தை நகராட்சியில் பதிந்து வையுங்கள்; இடிபாடு மூடினால் மீட்புக் குழு தேடி வர அது வேண்டும்.