காளானைத் தாக்கும் நோய்களைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

வீட்டில் வளர்த்த சிப்பிக்காளான் மஞ்சளித்துப் பிசுபிசுத்துப் போனதிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் 'காளானுக்கு வரும் நோய்களைத்தான் படிப்பேன்' என்று பிடிவாதமாக நிற்பதாகவும், இந்தப் படிப்பு சோறு போடுமா என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அவர் கண்டது சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாவின் வேலையாக இருக்கக்கூடும். மொட்டுக் காளானில் பழுப்புப் புள்ளி நோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் தோலாசி, தெளித்த தண்ணீர் குடையின் மேல் சில மணி நேரம் உலராமல் நின்றாலே பெருகி, தோலாசின் என்னும் நஞ்சைச் சுரந்து காளானின் செல் சவ்வைத் துளைத்துவிடும். ஆனால் அங்கே அதற்குப் போட்டியும் உண்டு. அதன் உறவுக்காரப் பாக்டீரியா ஒன்றை, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் அதற்குச் சற்றுத் தள்ளி வளர்த்தால், இரண்டும் வெளிவிடும் பொருள்கள் நடுவில் சந்தித்து, வரப்புப் போட்டதுபோல் ஒரு வெண்கோடு படியும். நோய்க்கிருமியை அடையாளம் காண இந்தக் கோடே ஒரு சோதனையாகப் பயன்பட்டு வருகிறது. மைசீடோகோலா என்னும் வேறொரு பாக்டீரியாவோ தோலாசினையே செயலிழக்கச் செய்கிறது. முளைத்துச் சில நாள்களில் பறித்துச் சமைக்கும் பொருளின் மீது மருந்தடிக்கத் தயங்குவோம் அல்லவா, அதனால்தான் கிருமியைக் கொண்டே கிருமியை அடக்கும் ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு.

படிப்பைப் பொறுத்தவரை, நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மையில் சேர்ப்பதே நல்லது. நுண்ணுயிரியல் பட்டம் எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேளாண் பல்கலைக்கழகங்களில் காளான் நோய்களும் அடங்கும் பயிர் நோயியல் முதுகலைக்குப் பொதுவாக வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டமே கேட்கிறார்கள், இது தெரியாமல் மூன்றாண்டு கழித்து வந்து வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதுகலைக்குக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காளானுக்கென்றே இமாச்சலப் பிரதேசத்தின் சோலனில் மத்திய அரசின் ஆராய்ச்சி இயக்குநரகமும் உண்டு.

காளான் நோய்க்கு மட்டுமான பணியிடங்கள் மிகக் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. எனினும் கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்து இனங்காணும் கைப்பழக்கம் நெல்லுக்கும் வாழைக்கும் அப்படியே பயன்படும் என்பதால், உயிரி உர நிறுவனங்கள், விதை நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றின் கதவு திறந்தே இருக்கும்.

கலந்தாய்வுக்கு முன்பு கோவைப் பல்கலைக்கழகத்தின் காளான் வளர்ப்புப் பயிற்சிக்கு அவரை ஒருமுறை அனுப்புங்கள். கெட்டுப்போன படுக்கையின் படங்களையும், எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் தெளித்தார் என்ற குறிப்பையும் அவர் கையோடு கொண்டு போகட்டும்.