மீனும் சிப்பியும் சாப்பிடும்போது குடிக்க, விலை அதிகமில்லாத பிரெஞ்சு வெள்ளை ஒயின் எது?

முஸ்கதே. இதைச் சொல்ல நான் அதிகம் யோசிக்க மாட்டேன். வேலை காரணமாக நான்ட் நகரில் சில காலம் இருந்தவன், அதனால் கொஞ்சம் பாரபட்சம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நான்ட் நகரைச் சுற்றி விளைகிற ஒயின் இது. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோன்யு. பூர்கோன்யு என்பது கிழக்கு பிரான்சில் உள்ள பர்கண்டி வட்டாரம்; பெயரே சொல்வதுபோல் பூர்வீகம் அங்கேதான். பினோ என்ற திராட்சையும் குவே பிளான் என்ற பழைய ரகமும் கலந்து பிறந்தது என்று மரபணுச் சோதனையில் தெரிய வந்தது. அந்த வகையில் ஷார்டனே என்ற பிரபல வெள்ளைத் திராட்சைக்கு உடன்பிறப்பு. 17ஆம் நூற்றாண்டில் பிராந்தி காய்ச்ச வெள்ளை ஒயின் தேடிய டச்சு வணிகர்கள் இங்கே வெள்ளைத் திராட்சையை ஊக்குவித்தார்கள். அப்புறம் 1709 குளிர்காலத்தில் கடும் பனி கொடிகளைக் கொன்றுபோட்டது. குளிர் தாங்கும் என்பதால் மெலோனையே பெருமளவில் திரும்ப நட்டார்கள். ஆனால் இது சீக்கிரமே துளிர்விடும் ரகம். குளிர்காலத்தைத் தாண்டிவிட்டு ஏப்ரல் பனியில் மாட்டிக்கொள்ளும். 1991லும் 2021லும் அதுதான் நடந்தது.

"இதில் வாசனையே இல்லையே" என்று பிரான்சிலேயே பலர் குறை சொல்வார்கள். பொய்யில்லை, மெலோன் அடக்கமான திராட்சைதான். அதைச் சரிக்கட்டத்தான் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நொதித்து முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலை எடுக்காமல், குளிர்காலம் முழுவதும் ஒயினை அதன் மேலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு வேறு தொட்டிக்கு மாற்றாமல், அங்கிருந்தே பாட்டிலில் அடைக்கிறார்கள். இதனால் வாயில் கொஞ்சம் கனம் கூடும், ரொட்டி மாவு போல லேசான மணம் வரும், நாக்கு நுனியில் மெல்லிய சுருசுருப்பும் இருக்கும். லேபிளில் 'சுர் லீ' என்று போட்டிருந்தால் இந்த முறையில் செய்தது. அது இல்லாத பாட்டிலை நான் எடுப்பதில்லை. 'செவ்ர் எ மேன்' என்ற ஊர்ப்பகுதிப் பெயரும் இருந்தால் நல்லது. பத்து யூரோவுக்குள்ளேயே நல்ல பாட்டில் கிடைக்கும்.

சரி, சாப்பாடு. வேகவைக்காத சிப்பிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. இனிப்பு கிடையாது, புளிப்பு உண்டு, ஆல்கஹால் 12 சதவீதம் அளவில்தான். சிப்பியின் உப்பை மறைக்காமல், எலுமிச்சை பிழிந்த வேலையை ஒயினே செய்துவிடும். (சிப்பியின் மேல் வெங்காய வினிகர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் ஒயினின் ருசி போய்விடும்.) மட்டியை இதே ஒயினில் வேகவைத்து, மீதியைக் குடிக்கலாம். சுட்ட மத்தி மீனுக்கும் நன்றாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் ஆற்று மீனை 'பேர் பிளான்' சாஸோடு சாப்பிடுவார்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை வினிகரிலும் முஸ்கதேயிலும் சுண்டவைத்து, வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்தெடுப்பது. அந்தச் சாஸும் இந்த வட்டாரத்தில் பிறந்ததுதான். அவ்வளவு வெண்ணெய்க்கு இவ்வளவு புளிப்பு தேவைப்படுகிறது. மிளகாய்க் காரம் தூக்கலான உணவோடு வேண்டாம், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

எட்டு முதல் பத்து டிகிரி குளிர்ச்சி போதும். சாதாரண பாட்டிலை ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் கிளிசோன், கோர்ஜ், லு பலே என்று ஊர்ப் பெயர் போட்ட பாட்டில்களைத் தேடுங்கள். 2011இல் தனி அங்கீகாரம் பெற்றவை இவை. வண்டலின் மேல் ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்து வருவதால் பத்து வருடம்கூடத் தாங்கும். இதைச் சிப்பிக்கு வீணாக்காமல், வெண்ணெயில் வறுத்த ஸ்காலப் என்ற கடல் உணவுக்கோ கோழி ரோஸ்ட்டுக்கோ திறக்கலாம்.