அக்கம்பக்கத்துப் பள்ளியில் படித்துப் பெரிய பல்கலைக்கழகம் போக முடியுமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மதுரையிலிருந்து வந்து நான்கு மாதம், ஈபி என்ற வேலை அனுமதியில் இருக்கிறீர்கள், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வாடகை வீடு, மகளுக்கு 12 வயது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தால் பின்னால் என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), கேம்பிரிட்ஜ், அமெரிக்கா என்று போக வழி இருக்குமா, இல்லை கஷ்டப்பட்டாவது சர்வதேசப் பள்ளியில் போடலாமா என்பதுதானே கேள்வி. நான் வந்தது 2004இல். என் மகள் ஈசூனில் அப்படி ஒரு அக்கம்பக்கத்துப் பள்ளியில்தான் படித்தாள், அங்கிருந்து இரண்டு ஆண்டு தொடக்கக் கல்லூரி (ஊரில் பிளஸ் டூ மாதிரி), அப்புறம் என்யூஎஸ்ஸில் பொறியியல். அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பாடத்தைப் பற்றிப் பயமே வேண்டாம். அரசாங்கப் பள்ளி என்றதும் நமக்கு ஊரில் பார்த்த ஏதோ ஒரு கட்டடம் மனதில் வரும், அதை இங்கே கொண்டுவராதீர்கள். பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று, ஆசிரியர்கள் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்று வருகிறவர்கள், முதல்வர்களையே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கல்வி அமைச்சு வேறு பள்ளிக்கு மாற்றிவிடும். பல நாட்டுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வில், 2022ஆம் ஆண்டில், சிங்கப்பூரின் 15 வயதுப் பிள்ளைகள் கணிதத்தில் 575, அறிவியலில் 561, வாசிப்பில் 543 என்று மூன்றிலும் உலகத்திலேயே முதலில் வந்தார்கள். அந்த எண்ணிக்கைக்குள் எல்லா வகைப் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் மகளின் வேதியியல் ஆசிரியை பள்ளி விட்ட பிறகும் மாலை ஐந்து மணி வரை நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார், ஒரு காசு வாங்கியதில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும்.

அப்படியானால் ராஃபிள்ஸ், ஹுவா சோங் போன்ற பேர்பெற்ற பள்ளிகளுக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று கேட்பீர்கள். அங்கே ஆறு ஆண்டு ஒருங்கிணைந்த திட்டம் உண்டு, மற்றப் பள்ளிகளில் உயர்நிலை முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) நடுவில் கிடையாது. அந்தத் தேர்வுக்காக ஓடும் நேரத்தை அவர்கள் ஆராய்ச்சி, விவாத மேடை, ஒலிம்பியாட் என்று செலவழிக்கிறார்கள். அதைவிடப் பெரியது சுற்றியிருக்கிற பேச்சு. என் தோழியின் மகன் அப்படி ஒரு பள்ளியில் படித்தான், 14 வயதிலேயே எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு என்ன நுழைவுத்தேர்வு என்று சோறு சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, மேல் வகுப்பு அண்ணன்கள் போகிறார்கள், இவன் கேட்டுக்கொண்டே வளர்கிறான். என் மகளின் வகுப்பில் கேம்பிரிட்ஜ் என்றால் இங்கே எழுதும் தேர்வுக்குக் கேள்வித்தாள் போடுகிற இடம், அவ்வளவுதான். மதிப்பெண்ணில் அவள் அந்தப் பையனுக்குக் குறைந்தவள் இல்லை, ஆனால் அந்த நினைப்பு அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது.

அதன் விலையை நாங்கள் கொடுத்தோம். தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில், முன்னோட்டத் தேர்வு முடிந்து மதிப்பெண் நன்றாக வந்த பிறகு, நவம்பரில் ஒரு நாள் "அம்மா, கேம்பிரிட்ஜுக்குப் போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பம் அக்டோபர் நடுவிலேயே முடிந்துவிட்டது. மற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு, இவை இரண்டுக்கும் மருத்துவம் போன்ற சில படிப்புகளுக்கும் மட்டும் முன்கூட்டியே மூடிவிடுவார்கள், அதற்கும் முன்னால் நுழைவுத்தேர்வுக்குப் பதிய வேண்டும். கல்லூரியில் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கு அவளுக்கு இணைப்பாட நடவடிக்கைப் போட்டி. அன்று இரவு அவள் அழவில்லை, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம், கேட்டே பார்க்காமல் போனது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், பாடத்தைப் பள்ளியிடம் நம்பி விடுங்கள், அந்த நினைப்பையும் தகவலையும் மட்டும் வீட்டில் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மகள் உயர்நிலை மூன்றில் இருக்கும்போதே அவளுக்குப் பிடித்த பாடம் எங்கே நன்றாக இருக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். நிறையப் படிக்கச் சொல்லுங்கள், தேசிய நூலகக் கிளை உட்லண்ட்ஸிலேயே பெரியதாக இருக்கிறது. அமெரிக்கா என்றால் கட்டுரை, ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் எல்லாம் வேண்டும், அவளை நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும், அது கடைசி மாதத்தில் வராது. செலவு ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டும், ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைக்கேற்ப உதவியும் தருகின்றன. இதுவும் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது உங்கள் மகளின் வழி. வெளிநாட்டு மாணவி என்பதால் முதலில் ஏஇஐஎஸ் என்ற சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும், ஆங்கிலமும் கணிதமும்தான். தேறினாலும் காலியிடம் இருக்கிற பள்ளியைத்தான் அமைச்சு கொடுக்கும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் உட்லண்ட்ஸிலேயே கிடைக்கும் என்று எண்ணி வீட்டு ஒப்பந்தத்தை நீட்டாதீர்கள். சேர்ந்த பிறகு பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்று தரம் பிரித்து எடுப்பார்கள், ஜி3தான் மேல் தரம். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து பழைய விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவு கிடையாது. தொடக்கக் கல்லூரிக்குப் போக ஜி3 பாடங்கள் முக்கியம், முதலில் ஜி2இல் போட்டாலும் நன்றாகச் செய்தால் ஏற்றுவார்கள், போய்க் கேளுங்கள். 2027 முதல் சாதாரண நிலைக்குப் பதிலாகப் புதிய சான்றிதழ்த் தேர்வு வருகிறது, உங்கள் மகள் எழுதப்போவது அதைத்தான். அதில் நன்றாக வாங்கினால் 17 வயதில் ராஃபிள்ஸ், ஹுவா சோங் கல்லூரிகளின் கதவும் திறக்கும், அங்கே சேர்கிறவர்கள் எல்லாரும் 13 வயதிலேயே உள்ளே போனவர்கள் இல்லை. தொடக்கக் கல்லூரியின் இரண்டு ஆண்டில் என் மகள் கற்றுக்கொண்டது முந்தைய நான்கு ஆண்டைவிட அதிகம் என்பாள்.

டியூஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2023 குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் டியூஷனுக்குச் செலவழித்தது சுமார் 180 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பார்த்துப் பதறி நான்கு பாடத்துக்கும் சேர்க்காதீர்கள். எங்கள் வீட்டில் கடைசி ஆண்டில் கணிதத்துக்கு மட்டும் வைத்தோம், போதுமானதாக இருந்தது. நிரந்தரவாசம் கிடைத்தால் சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் உண்டு.

இரண்டாம் மொழியாக இந்தி எடுக்கலாமா, ஊரில் இந்திதானே படித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். எடுக்கலாம், அனுமதி உண்டு. ஆனால் தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாட்டுக்கு வந்துவிட்டு, வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். அவள் பள்ளியில் தமிழ் இல்லையென்றால் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது, பல பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். என் மகளின் நெருங்கிய நண்பர்கள் இன்றைக்கும் அந்தத் தமிழ் வகுப்பில் கிடைத்தவர்கள்தான்.

செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் மாதம் 5 வெள்ளியும் சில்லறையும், ஆனால் உங்களைப் போல வெளிநாட்டவருக்கு மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல், நீங்கள் நினைத்த அளவு மலிவு இல்லை. பின்னால் என்யூஎஸ்ஸில் கல்வி மானியம் வாங்கினால் படித்து முடித்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. மூன்று, நான்கு ஆண்டில் ஊருக்குத் திரும்பி ஐஐடி என்று திட்டமிருந்தால் சிபிஎஸ்இ பள்ளியே சரி, பாதியில் மாற்றிக் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம். இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் ஏஇஐஎஸ் எழுத வையுங்கள். தேர்வு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், பதிவு அதற்குச் சில மாதம் முன்னால், தேதியை அமைச்சின் இணையப் பக்கத்தில் பாருங்கள். என் மகளின் பழைய கணித வழிகாட்டிப் புத்தகங்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு வந்து எடுத்துப் போங்கள்.