மாமியின் கைத்தையலுக்கும் கூலி எழுதுங்கள்

கேள்வி: எனக்கு 48 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். சிறு வயதில் அம்மாவின் சிங்கர் மெஷினில் பழகிய தையல் இன்றுவரை கையை விட்டுப் போகவில்லை. அக்கம்பக்கத்தாருக்கும் சொந்தக்காரருக்கும் சாறிச் சட்டை, பஞ்சாபி எல்லாம் தைத்துக் கொடுப்பேன், தருவதை வாங்கிக்கொள்வேன். ஓய்வுபெற்ற என் கணவர், கடன் எடுத்து நான்கு மெஷின் வாங்கிக் குடும்பமாகவே இதை நடத்தலாம் என்கிறார். வேலைக்குப் போகும் மகள் மாலையில் உதவுவாள். ஹூக், ஓரம் எல்லாவற்றையும் மாமி கையால் அழகாக முடிப்பார். இறங்கலாமா?

பதில்: இறங்குங்கள் சகோதரி. ஆனால் நான்கு மெஷினோடு வேண்டாம். அளவெடுத்து வெட்டத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். மூன்று மெஷின் சும்மா நிற்கலாம்; கடன் தவணை நிற்காது. இப்போதைக்கு ஓர் ஓவர்லொக் மெஷின் போதும். உள்பக்கம் நூல் பிரியாமல் இருந்தால்தான் பணம் கொடுத்தவர் திரும்பி வருவார். வாங்கும்போது சேர்வோ மோட்டார் உள்ளதாகக் கேளுங்கள். பழைய வகை மோட்டார் மிதிக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டு இரையும். இது மிதிக்கும்போது மட்டும் ஓடும். மின்கட்டணமும் குறையும், கீழ்வீட்டுக்காரரும் கதவைத் தட்டமாட்டார். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றும் போட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடன்கூட இல்லை, ‘தருவதை வாங்கிக்கொள்வேன்’ என்ற சொல்தான். ஒரு கொப்பியை எடுத்து, லைனிங் வைத்த சாறிச் சட்டை ஒன்றுக்கு எவ்வளவு நேரம் போகிறதென்று எழுதுங்கள். அளவெடுத்தது, வெட்டியது, தைத்தது, போட்டுப் பார்த்த பிறகு கை சுற்றளவைப் பிரித்துத் திருத்தியது, நூல் வாங்கப் புறக்கோட்டைக்குப் போய் வந்தது எல்லாம் அதில் வரவேண்டும். மாமி ஹூக் வைத்த நேரமும் வரவேண்டும்.

இங்கேதான் பல குடும்பத் தொழில்கள் கெடுகின்றன. வீட்டு ஆள்தானே என்று கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்வோம். விலை மலிவாக இருப்பதால் துணி குவியும். ஆறு மாதத்தில் மாமிக்குக் கண் வலிக்கும், மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அப்போது வெளியாள் ஒருவரைக் கூலிக்கு வைக்கலாம் என்றால், நீங்கள் வாங்கும் காசில் அதற்கு இடமிருக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே மாமிக்குச் சட்டை ஒன்றுக்கு இவ்வளவு, மகளுக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசி மாதக்கடைசியில் கையில் கொடுங்கள். மாமி வேண்டாம் என்பார். கொடுங்கள். அலுவலகத்தில் களைத்து வரும் மகளுக்கு ‘இன்று முடியாது’ என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள்.

கணவருக்கு மெஷின் வேண்டாம், வேலை நிறைய இருக்கிறது. கணக்குக் கொப்பி, தொலைபேசி, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கெய்சர் வீதிப் பக்கம் போய் லைனிங், பட்டன் வாங்குவது. ஆண்களுக்கு நிறம் பிடிபடாது என்று சிரிக்காதீர்கள். துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, கடையின் விளக்கொளியில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடச் சொல்லுங்கள். பருத்தி லைனிங்காக இருந்தால் வெட்டுமுன் நனைத்துக் காயவைக்கவேண்டும். அதுவும் அவர் பொறுப்பாக இருக்கட்டும்.

புதிதாகத் தைப்பதைவிட, ஆரம்பத்தில் திருத்த வேலையை நம்பலாம் என்பது என் எண்ணம். கொழும்பில் ஆயத்த ஆடைக்குக் குறைவில்லை. உடம்புக்கு அளவாக அமைவதுதான் குறைவு. இடுப்பைப் பிடிப்பது, நீளம் குறைப்பது, ஸிப் மாற்றுவது எல்லாம் சீக்கிரம் முடியும், காசும் உடனே வரும். பிறருடைய விலை உயர்ந்த பட்டில் கத்தரி வைக்கும் பயமும் இல்லை.

தொழிலுக்கென்று ஒரு பெயர் வைத்தால், கிராம உத்தியோகத்தரைக் கண்டு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம் ஊடாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்குத் திறக்க அது உதவும். உங்களிடம் தையல் சான்றிதழ் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். பாடநெறிக்குப் போகாமல், அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள்.

சொந்தக்காரர் விடயத்தில் ஒரே விலை, பாதி முற்பணம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதுத் துணி எடுப்பதை நிறுத்துங்கள். அந்தத் திகதியை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் துணியோடு வந்து நிற்கும் மச்சாளிடம் நீங்கள் கதைக்க வேண்டாம். அவருடைய தங்கைதானே, உங்கள் கணவரே கதைக்கட்டும்.