"ஹெர்பல் பவுடர்தானே, மகளுக்குக் கொடுக்கலாமா?"

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 400 மீட்டர் ஓடுகிறாள். அடுத்த மாதம் தேசிய ஜூனியர் போட்டி. சீக்கிரம் சோர்ந்துவிடுகிறாள் என்று சொன்னதும், ஜிம்மில் தெரிந்தவர் ஒரு 'ஹெர்பல்' பவுடர் கொடுத்தார். லேபிளில் ஊக்கமருந்து எதுவும் இல்லை. கொடுக்கலாமா? (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் டப்பாவைத் தூக்கி எறியவும் வேண்டாம். பாட்ச் எண், பில்லோடு பத்திரமாக வையுங்கள். நாளை சிக்கல் வந்தால் எதனால் வந்தது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

லேபிளை நம்ப முடியாது. 2000-01இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்டுகளைச் சோதித்தது. 94இல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து.

உங்கள் மகள் ஓடும் அதே 400 மீட்டரில் நடந்ததைக் கேளுங்கள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 4x400 தொடர் ஓட்டத்தில் நம் பெண்கள் தங்கம் வென்றார்கள். அடுத்த ஆண்டே அந்த அணியின் மூவர் உட்படச் சில வீராங்கனைகள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் என்ற மூலிகைதான் காரணம் என்றார்கள். இந்திய விசாரணைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012இல் அதை இரண்டாண்டாக்கியது. லண்டன் ஒலிம்பிக் கைநழுவிப் போனது. சிறுநீரில் மருந்து இருந்தாலே விதிமீறல். எப்படி வந்தது என்று நிரூபிப்பது வீராங்கனையின் பொறுப்பு. 18 வயதுக்குக் கீழே என்றால் தண்டனை குறைய வழியுண்டு, ஆனால் அந்தப் போட்டியின் பதக்கம் போய்விடும்.

தடையைவிட எனக்குப் பெரிய கவலை அவள் உடம்பு. ஸ்டீராய்டு கலந்திருந்தால் மாதவிடாய் குழம்பும், முகத்தில் முடி வளரும், குரல் தடிக்கும். தடித்த குரல் பிறகு பழையபடி ஆவதில்லை.

சரி, சோர்வு ஏன்? ஓடும் பெண் பிள்ளைகளிடம் நான் முதலில் சந்தேகிப்பது இரும்புச்சத்துக் குறைவு. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடக்கும். குறைவு என்றால் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைக்குத் தடையே இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். நின்றுபோயிருந்தால், ஓடும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். முட்டை, பால், பருப்பு, கடலை, வயிறாரச் சோறு, எட்டு மணி நேரத் தூக்கம்: பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. புரதப் பவுடர் வாங்கியே தீர வேண்டுமென்றால், டப்பாவில் உள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் மட்டும் போதாது. 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' போல பாட்ச் பாட்சாகச் சோதித்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதிலும் ஆபத்து குறையுமே தவிர முழுக்க நீங்காது.

நீங்கள் கேட்காத இரண்டைச் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் அடிக்கடி நடப்பதால். ஒன்று, இருமல் சிரப். கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை வந்தது சிரப்பில் இருக்கும் டெர்பியூட்டலின் என்ற தடை செய்த மருந்தினால். இன்னொன்று, களைப்புக்குப் போடும் குளுக்கோஸ் டிரிப். உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸானாலும், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றினால் விதிமீறல். எந்த மருத்துவரிடம் போனாலும் "இவள் போட்டியில் ஓடுபவள்" என்று முதலில் சொல்லுங்கள். மருந்தின் பெயரை தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் (நாடா) 'நோ யுவர் மெடிசின்' செயலியில் தேடிப் பாருங்கள். தடை செய்த மருந்துதான் அவசியம் என்றால், சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

போட்டியில் சோதனைக்கு அழைத்தால் பயப்பட வேண்டாம். அவள் மைனர் என்பதால் நீங்களோ அம்மாவோ உடன் இருக்கலாம். சிறுநீர் தருவதைப் பெண் அலுவலர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்; அதை இப்போதே சொல்லிவையுங்கள், அங்கே போய்க் குழந்தை அதிரக் கூடாது. கடைசி ஏழு நாட்களில் சாப்பிட்ட மாத்திரை, பவுடர், சிரப் எல்லாவற்றையும் படிவத்தில் ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள்.